முப்பது நாள் பெயர்

ஸோஹரா ஈரப் பஞ்சை அம்மாவின் உதட்டில் பிழிந்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் வரிசையாக நிற்கும் வெந்நீர்த் தொட்டிகளின் இடுப்பு வரைக்கும் நிழல் ஏறியிருந்தது. மேலே இன்னும் வெயில். அது மறைந்தால் முப்பது நாள் முடியும்.

அம்மாவின் மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

அம்மாவின் பெயர் அசூவா. எபிரேயத்தில் கைவிடப்பட்டவள் என்று பொருள். மொராக்கோ மலைக் கிராமத்தில் முன்னால் பிறந்த நாலும் தொட்டிலிலேயே போய்விட, ஐந்தாவதை யாருக்கும் வேண்டாதது என்று நினைத்துச் சாவு தாண்டிப் போகட்டும் என்று அப்பன்காரன் வைத்த பெயர். தாண்டித்தான் போனது. அங்கே வீட்டுப் பேச்சு அரபு, எபிரேயம் ஜெபத்தோடு சரி. பெயரின் பொருளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கப்பலேறி இஸ்ரேலில் ஒஃபாக்கிம் ஊருக்கு வந்தபிறகு பால்காரனும் பஸ் ஓட்டுகிறவனும் பேசுவது எபிரேயம். ஆரஞ்சுக் கொட்டகையில் மேஸ்திரி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே பழம் பொறுக்குகிற பெண்கள் வரிசையில் சிரிப்பு ஓடும். உன்னை யாருடி விட்டுட்டுப் போனான் என்று கேட்பார்கள். மருந்துக்கு நிற்கிற வரிசையில் நர்ஸ் வாசித்தால் தலைகள் திரும்பும். மாற்றித் தொலையேன் என்றவர்களிடம், உயிரோடு இருக்கிறேன் இல்லையா என்பாள். முப்பத்தொரு வருஷம் பெட்டி தூக்கினாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

போன மாதம் நோய் முற்றியபோது ஜெப ஆலயத்து ரப்பி மக்லூஃப் வந்தார். பெயர் மாறினால் விதியும் மாறும் என்று பத்து ஆண்களை நிறுத்தி ஜெபம் சொல்லி, ஹெப்சிபா என்று வைத்தார். என் பிரியம் இவள்மேல் என்று அர்த்தம். அந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பெயர். எல்லாரும் போனதும் அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அந்தப் பழைய பேர்ல என்னைப் புதைச்சிராதடி."

ரப்பியிடம் ஓடிப்போய்க் கேட்டாள் ஸோஹரா. புதுப்பெயரோடு முப்பது நாள் இருந்தால்தான் அது அவளுடையது, ஒரு நாள் குறைந்தாலும் கல்லறைக் கல்லில் பழையதுதான் என்றார். அன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

தம்பி பின்ஹாஸ் பொட்டாஷ் ஆலையில் ஷிப்ட் முடித்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பால்கனியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். முப்பது நாளில் ஒருதரமாவது அந்தப் புதுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாயா, வாயில் நுழைகிறதா என்று மதியமே நக்கலடித்திருந்தான்.

"மேல இருக்கறவனுக்கு நாள்காட்டி பாக்கறதுதான் வேலையாக்கா?"

ஸோஹரா பஞ்சை நனைத்தாள். மூச்சு இழுத்தது. நின்றது. அவள் காத்திருந்தாள். தெருவில் யாரோ பிள்ளையைத் திட்டி வீட்டுக்குள் கூப்பிட்டார்கள். மூச்சு வரவில்லை.

தொட்டிகளின் தலையில் ஒரு விரல் அகலத்துக்கு வெயில் மிச்சமிருந்தது.

உயிர் போனதும் ஜன்னலைத் திறக்கவேண்டும், வீட்டிலிருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டவேண்டும். ஸோஹரா எழவில்லை. கிண்ணத்தில் பஞ்சை முக்கி மறுபடி பல்லோரம் அழுத்திப் பிழிந்தாள். தண்ணீர் உதட்டோரம் வழிந்து தலையணைக்குப் போனது. துடைத்துவிட்டு இன்னொருதரம் பிழிந்தாள்.

பின்ஹாஸ் வாசலில் வந்து நின்றான். "எப்படியிருக்கு?"

"தூங்குறாங்க."

அவன் தலையணையைப் பார்த்தான். அம்மாவின் வாயைப் பார்த்தான். பிறகு பால்கனிக்குத் திரும்பிப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்க் கட்டடத்தையே பார்த்தான். கையிலிருந்த சிகரெட் தானாக எரிந்து முடிந்தது.

"இறங்கிருச்சு," என்றான் கடைசியில், திரும்பாமலே.

அப்புறம்தான் அவள் ஜன்னலைத் திறந்தாள். கிண்ணத்தையும் குடத்தையும் பின்ஹாஸ்தான் எடுத்துப்போய்க் கவிழ்த்தான்.

மாலை ஜெபம் முடித்து வந்த ரப்பி, எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஸோஹரா போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"வெயில் இறங்கினப்புறம் ரப்பி," என்றான் பின்ஹாஸ். "நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

ரப்பி தலையணை ஈரத்தின்மேல் கண்ணை வைத்திருந்தார். பிறகு பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பெயரை எழுதினார்.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்தில், குளிப்பாட்டுகிற அறைக்கு வெளியே அக்காவும் தம்பியும் நின்றார்கள். காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் சுல்தானா, அம்மாவோடு கொட்டகையில் வேலை பார்த்தவள். வாளி உரசியது. தண்ணீர் விழுந்தது. பிறகு முறைப்படி இறந்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்:

"ஹெப்சிபா, எங்க கையில ஏதும் தப்பு நடந்திருந்தா மன்னிச்சிரும்மா."

பின்ஹாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தான்.

கதவு திறந்தது. சுல்தானா ஈரக் கையோடு வந்து ஸோஹராவின் முகத்தைப் பார்த்தாள்.

"பல்லுக்கு உள்பக்கம் இருந்துச்சு," என்று சொல்லி, ஒரு துணுக்குப் பஞ்சை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஸோஹரா கையை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் கசிந்த தண்ணீர் ஒரு சொட்டு மணலில் விழுந்து, உடனே காய்ந்தது.