மேஸ்திரியின் வேலைநிறுத்தம்

"கொஞ்ச நாளைக்கு என்னைத் தொடாம இருங்க," என்று அன்று சொன்னது அவள்தான். "பகல் முழுக்க ஒருத்தன் என் மேலயே கிடக்கறான். இன்னொரு கை பட்டாலே உடம்பு கூசுது."

"எவ்வளவு நாளைக்கு?"

"நானே சொல்றேன்."

"சரி. நீயே சொல்லு," என்றான் அவன். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டு, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனான்.

குழந்தை பிறந்த மூன்றாவது வாரம் நடந்த பேச்சு அது. இப்போது குழந்தைக்கு எட்டு மாதம். தலையணை இன்னும் முன்னறையில்தான் இருக்கிறது.

அவள் கணவன் சொன்ன சொல் தவறாதவன். அதுதான் வம்பாகப் போயிற்று. சட்டை எடுக்க வந்தால்கூடத் தன் படுக்கையறைக் கதவைத் தானே இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் நுழைவான். குழந்தையை வாங்கும்போது, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வாங்குகிறவன்போல, அவள் விரல் படாமல் பார்த்து வாங்குவான். முதல் இரண்டு மாதம் அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. மூன்றாவது மாதம் கூப்பிட நினைத்தாள்; கூச்சம் வந்து வாயை அடைத்தது. நான்காவது மாதம், அவராகக் கேட்டால் என்ன என்று ஒரு வீம்பு. அதற்குப் பிறகு பயம்தான். முன்னறை அவனுக்குப் பழகிப்போயிருந்தால்? அவள் கண்ணாடிக்கடையில் வேலை பார்த்தவள். புதுக்கண்ணாடி மூக்கை உறுத்துகிறது என்று முனகுகிறவர்களிடம், பத்து நாள் போனால் போட்டிருப்பதே தெரியாது என்று எத்தனை முறை சொல்லி அனுப்பியிருக்கிறாள். மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும்.

இந்த லட்சணத்தில்தான் மேஸ்திரி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்.

மேஸ்திரி என்பது குழந்தை. பிறந்த அன்றே புருவத்தை நெரித்து, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுபோல் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்ததால், கீழ்வீட்டில் குடியிருந்த நாத்தனார் வைத்த பட்டப்பெயர் அது. அன்றிலிருந்து பால் விஷயத்தில் மேஸ்திரி ஒருநாளும் சுணங்கியதில்லை. புதன்கிழமை காலைவரைக்கும்.

அன்று காலை, குடித்துக்கொண்டே இருந்தவன், புதிதாக முளைத்த மேல்பல் இரண்டையும் வைத்து நறுக்கென்று கடித்துவிட்டான். உயிர் போகிற வலி. அவள் வீடு அதிரக் கத்தினாள். கத்தியதோடு நிற்கவில்லை, கை தன்னால் எழுந்து அவனை விலக்கித் தள்ளிவிட்டது. குழந்தை மடியைவிட்டு விழவில்லை. அவளையே பார்த்தான். கீழுதடு மெல்லப் பிதுங்கி நடுங்கியது. அப்புறம் அழுத அழுகை அதற்கு முன் அவள் கேட்டிராத அழுகை.

அதிலிருந்து மார்பருகே கொண்டுபோனாலே முதுகை வில்லாக வளைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான். மற்ற நேரமெல்லாம் சிரிப்பு, விளையாட்டு. பால் என்றால் மட்டும் அவள் வேண்டாதவள். நேரத்துக்கு நேரம் மார்பு கல்லாகக் கனத்தது. வெந்நீர்த் துணி ஒற்றி, கையால் பீய்ச்சி, டம்ளரில் பிடித்து, சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கிண்ணத்தில் வந்தால் அதே பாலைச் சப்புக்கொட்டிக் குடித்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பாலை வெறுக்கவில்லையே, பிள்ளை வெறுப்பது அவளைத்தானே.

கேட்டவர்களிடமெல்லாம், பல் வருகிறது போல, அதான் என்று சொல்லிவைத்தாள். கத்தியதை யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நாத்தனார் மேலே வந்தாள். மேஸ்திரியைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, "ஏண்டா, வேலைநிறுத்தம் பண்றியாமே. கோரிக்கை என்னனு எழுதிக் குடுத்தியா?" என்றாள். அவள் சிரிக்க முயன்று முடியாமல், அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். நாத்தனார் அதைக் கவனித்தவள்போல் பேச்சை மாற்றித் தன் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். குழாய் ஒரு மாதமாக ஒழுகுகிறதாம். தம்பி தினமும் அவள் வாசலைத் தாண்டித்தான் மாடி ஏறுகிறானாம். நேற்றுக் கேட்ட பிறகுதான் வந்து, பத்தே நிமிஷத்தில் சரிசெய்தானாம்.

"லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்ட் புத்திதானே வரும்? பட்டனை அழுத்தாத வரைக்கும் எந்த மாடியில விட்டோமோ அங்கேயே நிப்பான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்," என்றாள் நாத்தனார்.

சனிக்கிழமை காலை கணவன் பாதி நாள் விடுப்புப் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தான். தாய்ப்பால் பிரிவு நர்ஸ் நிதானமான பெண்மணி. குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள், காதையும் மூக்கையும் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாள், எடை போட்டாள், துணி சரியாக நனைகிறதா என்று கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு, குழந்தை எதையாவது பார்த்துப் பயந்ததா என்று கேட்டாள்.

கணவன் பக்கத்தில் பையுடன் நின்றான். "அப்படி ஒண்ணும் இல்லை," என்றாள் அவள்.

நர்ஸ் துருவவில்லை. சில குழந்தைகள் இப்படித்தான் சில நாள் முறுக்கிக்கொள்ளும் என்றாள். பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுப்பதை விடக்கூடாது, நாலைந்து நாளில் சரியாகாவிட்டாலோ துணி நனைவது குறைந்தாலோ உடனே வரவேண்டும் என்றாள்.

"பாலுக்காகத் தூக்காதேம்மா. சும்மா தூக்கி வெச்சுக்கோ. சட்டையைக் கழட்டிட்டு உடம்போட உடம்பாப் போட்டுக்கோ. தலையைப் பிடிச்சு அழுத்தாதே. நீ இங்கேதான் இருக்கேன்னு அவனுக்குத் தெரியட்டும். தூக்கக் கலக்கத்துல தானாத் தேடுவான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்படியே செய்தாள். திரையை இழுத்துவிட்டு, மெல்லிய போர்வைக்குள் வெற்று மார்பில் பிள்ளையைக் கிடத்திக்கொண்டு சாய்ந்து படுத்தாள். அவன் அவள் கழுத்துச் சங்கிலியை நோண்டினான், மோவாயைத் தட்டினான், வயிற்றில் உதைத்தான். பாலைப் பற்றி அவளும் பேச்செடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கண் சொருகியது.

கதவில் இரண்டு தட்டு. கணவன் வெந்நீர்த் துணியும் டம்ளரும் கொண்டுவந்தான். தரையைப் பார்த்தபடியே வந்து, ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பினான். கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிய கைகள், சோப்புத்தூள் வாசனை. அந்த வாசனை அவளுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து எவ்வளவு நாளாயிற்று.

"நான் புதன்கிழமை அவனைப் பார்த்துக் கத்திட்டேன்," என்றாள் அவன் முதுகைப் பார்த்து. "கடிச்சான். கத்தித் தள்ளிவிட்டுட்டேன். அதான் வரமாட்டேங்கறான். பல்லும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"தெரியும்," என்றான் அவன். "வாசல்ல ஷூ மாட்டிட்டிருந்தேன். காதுல விழுந்துச்சு."

"அப்போ ஏன் ஒண்ணும் கேக்கலை? நேத்து நர்ஸ்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"நீ சொல்லலையே," என்றான். கொஞ்சம் யோசித்து, "நீயே சொல்லுவேன்னு இருந்தேன்," என்றான்.

அவளுக்கு எங்கேயோ சுருக்கென்றது. இதே குரல். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால், தலையணையோடு போனபோதும் இதே குரல்தான். பழகிப்போன குரல் இல்லை அது. காத்திருக்கிறவன் குரல்.

போர்வைக்குள் ஏதோ அசைந்தது. மேஸ்திரி கண்ணைத் திறக்காமலே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, மூக்கால் முட்டித் தேடிக்கொண்டிருந்தான். அவள் மூச்சை அடக்கினாள். கையை வைக்கவில்லை, தலையை அழுத்தவில்லை. உடம்பை மட்டும் ஒரு விரற்கடை திருப்பிக் கொடுத்தாள். வாய் திறந்தது, நழுவியது, மறுபடி திறந்தது. பிடித்துக்கொண்டான்.

பால் இறங்கும்போது ஏற்படும் அந்தச் சுள்ளென்ற குத்தல், நாலு நாளுக்குப் பிறகு. மடக் மடக்கென்று அவன் விழுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. குலுங்கினால் விட்டுவிடுவானோ என்று அவள் அசையாமல் அழுதாள். கண்ணீர் காதோரம் வழிந்து தலையணையில் இறங்கியது.

கணவனும் பார்த்துவிட்டான். முகம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் கிட்டே வரவில்லை. நுனிக்காலில் நடந்து வெளியே போய், சத்தம் வராமல் கதவைச் சாத்தத் தொடங்கினான். முக்கால்வாசி மூடியாயிற்று. இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

குழந்தை கலையக் கூடாதே என்று அவள் தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

"என்னங்க."

கதவு நின்றது.

"அந்தத் தலையணையை எடுத்துட்டு உள்ளே வந்துடுங்களேன்."