கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பல்வலியில் கிடைத்தது.

பல் மருத்துவர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கும் அறை. சுவரில் தொலைக்காட்சி ஓடுகிறது, சத்தம் இல்லை. ஏதோ ஒரு விண்வெளித் தொடர். கப்பலை ஓட்டும் மாலுமிக்குத் திடீரென்று தலைக்குள் எதுவோ உடைகிறது. தன் ஞாபகம் என்று இத்தனை நாள் அவன் வைத்துக்கொண்டிருந்தது மேல்பூச்சு. அடியில் வேறொருவனின் பிள்ளைப் பருவம் புதைந்து கிடக்கிறது. (சத்தமில்லாமல் இவ்வளவும் எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள். இந்த மாதிரித் தொடர்களில் நடிகர் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்தால் ஞாபகம் வருகிறது என்று அர்த்தம். பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.) அவன் அந்த அடி ஞாபகத்துக்குள் நடந்து போகிறான். குழந்தைகள் அறை ஒன்று. இரண்டு சின்னக் கட்டில், சுவரில் இரண்டு கொக்கி, கொக்கிகளில் இரண்டு பள்ளிக்கூடப் பை. மாலுமி உள்ளே வந்து கதவைச் சாத்துகிறான். அதுவரை கதவு மறைத்திருந்த சுவரில் மூன்றாவதாக ஒரு கொக்கி. முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, கோணலாக. கடையில் வாங்கியது இல்லை. ஒரு கரண்டியை வளைத்து அடித்தது.

இரண்டு விநாடிதான். காட்சி மாறிவிட்டது, என்னையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வாயை ஆவென்று திறந்துகொண்டு கிடக்கும்போது வேறு வேலை இல்லை. அதையே யோசித்தேன். கதையில் பிள்ளைகள் இரண்டு. அப்படியிருக்க மூன்றாவதை யார் அடித்தது, யாருக்காக அடித்தது? வெளியே வந்ததும் அங்கே காத்திருந்தவர்களைக் கேட்டேன், யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தொடரைத் தேடினேன், பேரே தெரியாமல் எப்படிக் கிடைக்கும்? வேறு வழியில்லாமல் ஓர் ஆளை உண்டாக்கினேன்.

2

தொடக்கங்கள், தள்ளுபடி ஆனவை:

“பூமியிலிருந்து நாற்பது ஒளியாண்டுக்கு அப்பால், இருட்டில், ஒரு கப்பல்—” வேண்டாம். விண்வெளியில் எனக்கு ஆளும் தெரியாது, வழியும் தெரியாது.

“மனித ஞாபகம் என்பது ஒரு—” இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

“தச்சன் வாயில் நான்கு ஆணியைக் கவ்விக்கொண்டு, ஐந்தாவதை அடித்துக்கொண்டிருந்தான்.” இது பரவாயில்லை. இவனோடு போவோம்.

(காகிதப்படி அவனுக்கு வயது நாற்பத்தொன்பது. மரியாதையாக ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நான் உண்டாக்கிய ஆள், கோபித்துக்கொள்ள மாட்டான்.)

3

தச்சன் வேலை செய்யும் இடம் ஒரு பழைய கிடங்கு. அங்கே நான்கு தொடர்களுக்கு வீடு, சிறை, மருத்துவமனை, கப்பல் எல்லாம் கட்டுவார்கள். வாரக் கடைசியில் பிரிப்பார்கள். கப்பலின் சுவர் முன்பக்கம் பளபளவென்று இரும்பு மாதிரி இருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் ஒட்டுப்பலகை, முட்டுக்கொடுத்த கட்டை, பென்சிலில் கிறுக்கிய அளவுகள். இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கேமரா பார்க்காத இடத்தில் கைவைக்கக் கூடாது. இருபத்தாறு வருடத்தில் தச்சன் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. கேமரா பார்க்காத இடத்தில் ஓர் ஆணி அடித்தாலும் அவனுக்கு ராத்திரி தூக்கம் வராது என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள்.

அந்தக் குழந்தைகள் அறைக்கு அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தாள். ‘ஒரு பழைய அறை. இரண்டு கட்டில். இரண்டு கொக்கி. மாலுமிக்கே மறந்துபோன இடம்.’ மற்றதெல்லாம் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாளில் முடித்தான். நான்காம் நாள் காலை, தொடர்ச்சி பார்க்கும் பெண் வந்தாள். ஒரு காட்சியில் இடது கையில் இருந்த கோப்பை அடுத்த காட்சியில் வலது கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கிடங்கில் எல்லோரும் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள்.

அவள் அறையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். கதவைச் சாத்தினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணே, இது என்னண்ணே?”

“எது?”

“கதவுக்குப் பின்னாடி. தாள்ல ரெண்டுதானே போட்டிருக்கு? இது என்ன, கரண்டியா?”

தச்சன் வந்து பார்த்தான். சாப்பாட்டுக் காட்சிக்கு வைத்திருந்த தட்டிலிருந்து எடுத்த கரண்டி. காம்பை வளைத்து, வாய்ப்பக்கத்தை அடித்துத் தட்டையாக்கி, இரண்டு ஆணி போட்டிருக்கிறது. வேலை அவனுடையதுதான். ஆணித் தலையை லேசாகப் பக்கவாட்டில் தட்டி விடுவது அவன் கைப்பழக்கம், வேறு யாருக்கும் அது வராது. ஆனால் எப்போது அடித்தான், ஏன் அடித்தான்? எவ்வளவு யோசித்தாலும் பிடி கிடைக்கவில்லை.

“கிழடாயிட்டு வர்றேன் போல” என்று சிரித்தான்.

“பரவால்லண்ணே, பிடுங்கிடுங்க. கேமராவுல விழாது.”

சுத்தியலின் பின்பக்கத்தை ஆணிக்கு அடியில் கொடுத்தான். ஓர் அழுத்து அழுத்தினால் வந்துவிடும். கை அழுத்தவில்லை. மறுபடியும் முயன்றான். வலி இல்லை, நடுக்கம் இல்லை, வெறுமனே கை மாட்டேன் என்றது. அப்புறம் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, ஏன் என்று தெரியாமலே.

பூதக்கண்ணாடி அதையும் பார்த்தாள். பார்ப்பதுதானே அவள் பிழைப்பு. “சரிண்ணே, இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தேன். நமக்குத் தெரியாததெல்லாம் இதற்குத் தெரியுமா? பூட்டைத் திறக்கும்போது சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, கைக்குத் தெரியும். வேறு என்னவெல்லாம் வைத்திருக்கிறது என்று நினைத்தால் கொஞ்சம் பயமாகவும் ரொம்ப ஆச்சரியமாகவும் இருக்கிறது.

3, மறுபடியும்

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். கதையை எப்படி முடிப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தேன். தச்சனுக்கு ஒரே அக்கா. ‘நமக்கு இன்னொரு தம்பி இருந்தான், சின்ன வயதிலேயே இறந்துவிட்டான், மூன்றாவது கொக்கி அவனுடையது’ என்று அக்கா சொல்வாள், இவன் அழுவான், கதை முடியும். அந்த அக்காவுக்கு நான் ஒதுக்கியது தொலைபேசியில் நான்கே வரி.

அந்த நான்கு வரியை எழுத உட்கார்ந்தேன். தச்சன் மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டான்.

“அக்கா, இன்னைக்கு ஒரு கூத்து. ரெண்டு கொக்கி அடிக்கச் சொன்னா மூணு அடிச்சு வச்சிருக்கேன்.”

மறுமுனையில் தையல் மெஷின் சத்தம் நின்றது.

“அக்கா? லைன்ல இருக்கியா?”

“மூணாவது எங்க அடிச்ச?”

“கதவுக்குப் பின்னாடி.”

“கரண்டியிலயா?”

நான் அதை எழுதவில்லை. அதாவது, என் விரல்தான் எழுதியது, ஆனால் அந்த வரி என் திட்டத்தில் இல்லை. தச்சன் கரண்டியைப் பற்றி அவளிடம் சொல்லவே இல்லையே! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தச்சனுக்கும் சிலிர்த்திருக்கும்.

“நேர்ல வா. ஃபோன்ல வேணாம்” என்று அக்கா வைத்துவிட்டாள்.

4

அக்காவுக்கு ஒரு சின்ன தையல் கடை. புதுத்துணி தைப்பதில்லை. ஜிப் மாற்றுவது, காற்சட்டை நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்குவது. தச்சன் போனபோது யாருடையதோ ஒரு மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கண்ணாடிக் கதவில் ‘மூடியுள்ளது’ பலகையைத் திருப்பிப் போட்டாள்.

வழியெல்லாம் தச்சன் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அப்பா அம்மா போன பிறகு வளர்ந்த வீட்டு ஆளென்று அவனுக்கு மிச்சம் இருப்பது இந்த அக்கா மட்டும். அவள் சொல்லப்போகும் எதுவோ அவளைத் தனக்கு அக்கா இல்லாமல் ஆக்கிவிடுமோ என்பதுதான் அது.

“நான் சொல்றேன். முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாத” என்றாள் அக்கா. “அந்த ரூம்ல முதல்ல ரெண்டு கொக்கிதான். ஒண்ணு எனக்கு, ஒண்ணு தம்பிக்கு.”

“எனக்கு.”

“பேசாதன்னு சொன்னேன்ல. தம்பிக்கு. நீ அப்புறம்தான் வந்த.”

தச்சன் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“உன்னைப் பெத்த அப்பாவும் நம்ம அப்பாவும் ஒரே பட்டறையில வேலை. அங்க கொதிகலன் வெடிச்சதுல உங்க அப்பா போயிட்டாரு. உங்கம்மா அதுக்கு முன்னாடியே இல்ல. அன்னைக்குச் சாயங்காலம் அப்பா உன்னைத் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. உனக்கு மூணு வயசு. கையில ஒரு துணிப்பை. ரெண்டு நாள் அந்தப் பையை நீ கீழேயே வைக்கல. சாப்பிடும்போதும் மடியில, தூங்கும்போதும் நெஞ்சுல. யாராவது வாங்கப் போனா கத்துவ. அம்மா என்னென்னமோ பண்ணிப் பாத்தாங்க. மூணாம் நாள் காலையில அப்பா அடுப்படியிலருந்து ஒரு கரண்டியை எடுத்தாரு. வளைச்சாரு. வேற இடம் இல்ல, கதவுக்குப் பின்னாடி உன் உயரத்துக்கு அடிச்சாரு. உன்னை நிக்க வச்சு அளவு பாத்துத்தான் அடிச்சாரு. ‘இது உன்னோடது. யாரும் எடுக்க மாட்டாங்க’ன்னாரு. நீ கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு நின்ன. அப்புறம் பையை மாட்டிட்டு என்கூட விளையாட வந்துட்ட.”

அக்கா கையிலிருந்த துணியில் அறுந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“மறுவருஷம் தம்பிக்குக் காய்ச்சல். நாலே நாள். அப்புறம் அந்த ஊர் வேணாம்னு கிளம்பிட்டோம். புது ஊர்ல ஸ்கூல்ல சேக்கணும், உன்கிட்ட ஒரு காகிதமும் இல்ல. அம்மா தன்னோட பைக்குள்ள கைய விட்டாங்க, தம்பியோட பிறப்பு சர்டிபிகேட் வந்துச்சு. நீட்டிட்டாங்க. அன்னையிலருந்து நீ அவன்.”

அப்புறம் தச்சன் கேட்டது இது:

“அப்போ என் வயசு?”

“ஒரு வயசு கம்மி. நாப்பத்தெட்டுதான்.”

“அடப்பாவமே. அம்பது ஆகப்போகுதேன்னு போன வாரம்தான் மூட்டுக்கு மாத்திரை வாங்கினேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறிவிட்டது, அதை நான் விவரிக்கவில்லை.

“ஏன்க்கா சொல்லல?”

“அம்மாவுக்கு வாக்கு குடுத்திருந்தேன். அம்மா போனப்புறம் பயம். சொன்னா நீ போயிடுவியோன்னு.”

“எங்கக்கா போவேன்?”

* நாற்பத்தைந்து வருடம் ஒரு கை, தனக்கு என்று ஒருவர் அடித்த ஓர் ஆணியைப் பத்திரமாக வைத்திருக்கிறது. பேரை மறந்தாகிவிட்டது, பெற்றவர் முகத்தை மறந்தாகிவிட்டது, வயதையே மாற்றியாகிவிட்டது. அந்த உயரம் மட்டும் மறக்கவில்லை. இவன் ஏன் தச்சனானான் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. தொடங்கும்போது இதில் எதுவும் எனக்குத் தெரியாது, சத்தியமாக.

5

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் தச்சன் கிடங்குக்குத் திரும்பிப் போய், மாலுமி கதவைச் சாத்தும் காட்சியைப் பார்க்கிறான். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததாலேயே கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில் அவன் கோபப்படுகிறான். ‘என் வாழ்க்கை முழுக்க இன்னொருத்தன்—’ என்று கத்த ஆரம்பிக்கிறான். வாக்கியம் அதற்கு மேல் போகவில்லை. அவனுக்குக் கோபம் வரவில்லை, நான்தான் வரவைக்கப் பார்த்தேன்.

மூன்றாவது, அக்கா சொன்னது. அதை அப்படியே தருகிறேன்.

“ஒண்ணு கவனிச்சிருக்கியா?” என்றாள். “எல்லாரும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. அம்மா, அப்பா, உன் பொண்டாட்டி, எல்லாரும். நான் ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கேனா?”

தச்சன் யோசித்தான். டேய். தம்பி. இங்க பாரு. சாப்பிட்டியாடா. தன் கல்யாணப் பத்திரிகையை அவனுக்குக் கொடுத்தபோதுகூட ‘என் தம்பிக்கு’ என்றுதான் கையால் எழுதினாள். அக்காக்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், இதில் கவனிக்க என்ன இருக்கிறது?

“அது அவன் பேர்டா. அவனுக்குக் குடுத்தது. அதை உன்மேல போட எனக்கு மனசு வரல. அப்படிக் கூப்பிட்டா அவனையும் அழிச்ச மாதிரி, உன்னையும் அழிச்ச மாதிரி. அதான் உன் பேரை நான் தனியா எடுத்து வச்சிருக்கேன். வேற யாருக்கும் தெரியாது, இந்த உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்குவேன், மறந்துடக் கூடாதுன்னு.”

இந்தக் கதையில் யாருக்கும் நான் பேர் வைக்கவில்லை என்பதை இந்நேரம் கவனித்திருப்பீர்கள். அது கலையல்ல, சோம்பேறித்தனம். பேர் யோசிக்க அலுப்பு. அக்கா இதைச் சொன்ன பிறகு எனக்குத் தலை நிமிரவில்லை. நான் அலுப்பில் செய்ததை அவள் நாற்பத்தைந்து வருடம் அன்பினால் செய்திருக்கிறாள்.

“வேணுமா?” என்றாள் அக்கா.

தச்சன் ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

இந்த இடத்துக்கு நான் பதினொரு பேர் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் வைத்ததும் அவன் என் கையால் செய்த ஆளாகிவிட்டான். அந்தப் பேரைச் சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள் அந்தக் கடைக்குள் இருக்கிறாள், அது நான் இல்லை. அதனால் எழுந்து வெளியே வந்து, கண்ணாடிக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் உள்ளே இருங்கள். உங்களை நான் எழுப்பவில்லை.

தெருவில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் தச்சன் குரல் மட்டும் கேட்டது. எங்கோ விளையாடிக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட்டால், யோசிக்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு சின்னப்பையன் கொடுக்கும் குரல்.

“என்னக்கா?”

அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று உங்களுக்குக் கேட்டிருக்கும். என்னிடம் சொல்ல வேண்டாம்.