டீக்கின் கம்பிகள் ஏறிய கோடை

டீக்கின் பேஸ் கிடாரில் இருந்த அளவுக்குத் தாழ்ந்த கம்பிகள் இசைக்காரர்கள் நிறைந்த நாஷ்வில்லில் யாரிடமும் கிடையாது. கம்பிக்கும் அதன் அடியில் கழுத்தில் பதித்த மெட்டுக் கட்டைக்கும் நடுவே பத்து சென்ட் காசு நுழையத் திணறும். கம்பி தாழ்ந்தால் விரல் அழுத்த வேண்டிய தூரம் குறைவு, வேகம் தானாக வரும். ஒரு மயிரிழை தப்பினால் கரகரவென்று இரையும். டீக் தப்பியதில்லை. அந்தக் கர்வத்தை வாயை மூடிக்கொண்டு அனுபவித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவன் வாசித்த இசைக்குழுவின் கருவிகளைப் பராமரிக்கிற லீலண்டை அவன் எல்லார் முன்னாலும் சீண்டுவான். "வாசிக்க வக்கில்லாதவன்தான்டா திருகாணி திருகுவான்!" லீலண்ட் ஒரு காலத்தில் இதே இடத்துக்கு வாசித்துக் காட்டி, டீக்கிடம் தோற்றவன். சிரித்து வைப்பான். வயிறு எரியும்.

கோடைக் கச்சேரிப் பயணத்தில் ஒருவனை ஒருவன் ஏமாற்றாமல் பஸ் நகராது. ஷாம்பூ பாட்டிலில் தேன் ஊற்றுவது சாதாரணம். அந்த வருஷம் டிரம்ஸ் அடிக்கும் ராய்ஸ் புதிதாக ஒன்று சொன்னான்.

"அவன் கம்பிய தினம் ஒரு இம்மி ஏத்து. எத்தன நாள்ல கண்டுபுடிக்கிறான்னு பாப்போம். தோத்தவன் பஸ் கக்கூஸ் தொட்டியக் கழுவணும்."

"மூணு நாள் தாங்காது," என்றான் லீலண்ட்.

துல்சா ஊர்க் கச்சேரியன்று, கம்பியை ஏற்றி இறக்கும் திருகைத் திருப்புகிற ஆலன் கீயை எடுத்தான். தினம் அரைக்கால் சுற்று. மூன்று நாள் போயிற்று, பந்தயத்தில் லீலண்ட் தோற்றான்; பத்து நாளும் போயிற்று. வாயால் எவ்வளவு சீண்டினாலும் லீலண்டின் வேலையை டீக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினான். அதனால் கிடாரைச் சந்தேகப்படவில்லை, தன் கையைத்தான் சந்தேகப்பட்டான்.

வேகமான பாட்டுகளில் அவன் பின்தங்கினான். ராய்ஸ் வேண்டுமென்றே இன்னும் விரட்டி அடித்தான். டீக் வெந்நீரில் மணிக்கட்டை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவன் முதுகுக்குப் பின்னால் பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. லீலண்டின் சிரிப்புதான் பெரிது.

"என்னண்ணே, வயசாயிடுச்சா?"

"விரலெல்லாம் மதமதன்னு இருக்குடா. கோரின் காதுல போட்டுடாத. எனக்குப் பதிலா வேற ஆளப் புடிச்சிருவா."

கோரின்தான் பாடகி, முதலாளியும் அவள்தான். லீலண்ட் அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீக் கெஞ்சுவது அவனுக்குப் பிடித்திருந்தது. மறுநாளும் அரைக்கால் சுற்று ஏற்றினான்.

ஆகஸ்டில் இரண்டு வாரம் விடுமுறை. திரும்பி வந்த டீக்கின் இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. நரம்பு நசுங்கியிருக்கிறது என்று எந்த டாக்டரோ சொல்ல, யாரிடமும் சொல்லாமல் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்திருந்தான்.

"ஆறே வாரம்! பழைய டீக்கப் பாப்பீங்கடா," என்றான். யாரும் சிரிக்கவில்லை. ராய்ஸ் லீலண்டை ஓரங்கட்டினான். "வாயத் தொறந்த, ரெண்டு பேரும் நடுத்தெருவுல நிப்போம்."

லீலண்ட் கம்பிகளைப் பழைய இடத்துக்கே இறக்கி வைத்தான். அதுவரைக்கும் மேடையில் டீக்குக்குப் பதிலாக வேறொருவன் வாசித்தான். ஆறு வாரம் கழித்து ஒரு மதியம், காலி அரங்கில் டீக் வாசித்துக் காட்டினான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரக்கட்டையாக இருந்தன. கத்தி படக்கூடாத இடத்தில் பட்டிருந்தது. மூன்றாம் பாட்டிலேயே கோரின் கையைத் தூக்கினாள்.

"போதும் டீக். இப்ப வாசிக்கிறவனே இருக்கட்டும்."

கிடாரைப் பெட்டியில் வைக்கப் போன டீக் கம்பியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். மறுபடியும் அழுத்தினான். குனிந்து பார்த்தான்.

"கோடை பூரா இவ்ளோ தாழ இல்லையேடா."

லீலண்ட் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டான்.

டீக் நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. "எனக்குக் கை போயிடுச்சுன்னு எறக்கி வச்சியா? உன்னப் போயி என்னென்ன பேசியிருக்கேன்... இந்தக் கும்பல்ல நீ ஒருத்தனாவது மனுஷனா இருந்தியேடா." நல்ல கையால் லீலண்டின் தோளை இழுத்து அணைத்துக்கொண்டான்.

"ஆமாண்ணே," என்றான் லீலண்ட். "உங்களுக்காகத்தான்."