பாலம் திறந்த செய்தியும் அம்மா பிறந்த தேதியும்

வீட்டில் எல்லோரும் 'படபடப்பு' என்று கூப்பிடுகிற கடைக்குட்டி பேசுகிறேன். வயது இருபத்தாறு. உட்கார்ந்திருப்பது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்பக்கப் படிக்கட்டில். உள்ளே படுக்கை விரிப்புகள் உலர இன்னும் நாற்பது நிமிடம் ஆகும். சோப்புத் தண்ணீரில் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடப்பதால், குடும்பக் குழுவுக்கான இந்தச் செய்தியைப் போனிடம் வாயால் சொல்லித்தான் எழுதுகிறேன்.

விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆளுக்கொரு விதமாகத் தெரியும். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

அடுத்த மாதம் என் மனைவிக்குப் பிரசவம். இந்த வெளிநாட்டில் எங்களுக்கு யாரும் கிடையாது. அம்மா வந்தாக வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, அடையாள அட்டையில் வேறொரு தேதி. அம்மா பிறந்த சமயத்தில் அதே வீட்டிலிருந்த இரத்த உறவுகள் இரண்டு பேர், ஒரே தேதியைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று பாஸ்போர்ட் அலுவலகத்து அம்மணி சொல்லிவிட்டார். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

அந்த வீட்டிலிருந்தவர்களில் இன்று மிச்சம் இரண்டே பேர். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா. அன்று அவருக்குப் பதினான்கு வயது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. அன்று எட்டு வயது. ஒரே தெருவின் இரண்டு முனைகளில் இருக்கிறார்கள். ஒருவர் கிழக்கு என்றால் இன்னொருவர் மேற்கு என்பார்.

மாமாவிடம் கேட்டேன்.

"இதுல என்னடா மாப்ள சந்தேகம்? ஆத்துப் பாலம் திறந்த மறுநாள். பிரசவ வார்டு வாசல்ல பேப்பர் படிச்சிட்டிருக்கேன், முதல் பக்கத்துல பாலம் திறந்த செய்தி. உள்ள உங்கம்மா வீல்னு கத்துறா. அன்னைக்கு ஆரம்பிச்ச கத்தல், இன்னும் நிக்கல."

பெரியம்மாவிடம் கேட்டேன்.

"மறுநாளா? அவன் கிடக்கான். பாலம் திறந்த அன்னைக்கேதான். நான் பாண்டு வாத்தியம் பார்க்கப் போனேன், பாப்பாவும் வந்துட்டா. பேப்பர்ல வந்ததை வெட்டி வெச்சிருக்கேன், பாரு."

மாமாவும் வெட்டி வைத்திருந்தாராம்; இரண்டு பேருமே தங்கள் செய்தித் துண்டைப் படம் பிடித்து அனுப்பினார்கள். இரண்டும் ஒன்றே. 'நேற்றுக் காலை பாலம் திறந்துவைக்கப்பட்டது. மக்களின் ஆரவாரம் விண்ணைப் பிளந்தது.' ஓரத்திலிருந்த தேதியை மட்டும் இரண்டு பேருமே கத்தரித்துத் தள்ளியிருந்தார்கள். இந்தக் குடும்பத்தில் எது வேண்டுமோ அதைத்தான் முதலில் வெட்டுவார்கள் போலிருக்கிறது.

அம்மாவிடமே கேட்டேன். "எந்தத் தேதியா இருந்தா என்னடா, பொறந்தாச்சுல்ல?" என்றார். யாருக்காக இந்த ஓட்டம் ஓடுகிறேனோ அவருடைய பதில் இது!

அந்தப் பத்திரிகை தன் பழைய இதழ்களையெல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறது. மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஐம்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய செய்திகளைப் படித்தேன். கறுப்புக் குடை ஒன்றைக் காணவில்லை. இன்று மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். கடைசியில் கிடைத்தது: மார்ச் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. முதல் பக்கம். ஆரவாரம். விண். எல்லாம் இருந்தது. அப்படியானால் பாலம் திறந்தது பதின்மூன்று, திங்கள். ஒரு நாள் வித்தியாசம்தானே, பெரியம்மாவைக் கெஞ்சிக் கேட்டால் விட்டுக்கொடுப்பார் என்று நினைத்தேன்.

"திங்களா? ஏண்டா, அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பள்ளிக்கூடம் இருந்தா நான் எப்படி அங்க போயிருப்பேன்? படிச்சவன்தானே நீ?"

தலையில் அடித்துக்கொண்டு அடுத்தடுத்த இதழ்களைப் புரட்டினேன். பதினாறாம் தேதி, ஐந்தாம் பக்கம், தையல் மிஷின் விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு சைசில் இருந்தது: 'திருத்தம். பாலம் திறப்பு விழா திங்களன்று நடைபெறவில்லை. பாலத்தின் நடுவே ரோடு ரோலர் பழுதாகி நின்றுவிட்டது. செய்தி முன்கூட்டியே எழுதப்பட்டது. மற்ற விவரங்கள் சரியானவையே.'

மற்ற விவரங்கள் சரியானவையாம்! நடக்காத விழாவின் ஆரவாரம் சரியாம், பிளந்த விண் சரியாம்!

இன்னும் நான்கு நாள் தள்ளிப் பார்த்தால், இருபதாம் தேதி, திங்கள். அதே செய்தி. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே மறுபடி போட்டிருக்கிறார்கள். அப்போதுதான் பாலம் உண்மையாகத் திறந்திருக்கிறது: பத்தொன்பது, ஞாயிறு. ஆக, மாமா வெட்டியது பதினான்காம் தேதிப் பேப்பர். பெரியம்மா வெட்டியது இருபதாம் தேதிப் பேப்பர். இத்தனை வருடமாக இவர்கள் ஒரு நாளுக்காகச் சண்டை போடவில்லை. ஐந்து நாளுக்காகப் போட்டிருக்கிறார்கள், அது தெரியாமலே.

மாமாவை அழைத்தேன். "ரோடு ரோலர் ஞாபகம் இருக்கா மாமா?"

"இல்லாமலா? நான் மறுநாள்னு சொன்னது அந்தப் பேப்பர் கணக்குதான். அதை நம்பி அப்பா அடுத்த நாளே அம்மாவையும் பாப்பாவையும் வண்டியில ஏத்திட்டாரு. பாதிப் பாலத்துல ரோலர் மலை மாதிரி நிக்குது. பச்சைக் குழந்தையோட படகுல போக முடியுமா? திரும்ப ஆஸ்பத்திரிக்கே போயிட்டோம். பாலம் நிஜமா திறந்த ஞாயித்துக்கிழமைதான் அக்கரைக்கு வீடு வந்து சேர்ந்தோம்."

"இதை ஏன் மாமா யாருக்கும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

கோவில் மணி அடித்த மாதிரி எல்லாம் விளங்கிவிட்டது. பதினான்கில் பிறந்து, பத்தொன்பதில் பாலம் வழியாக வீட்டுக்கு வந்திருக்கிறார் அம்மா. சந்தோஷத்தில் பெரியம்மாவை அழைத்து மூச்சு விடாமல் சொன்னேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

 பெரியம்மா மெதுவாகக் கேட்டார்.

"அப்போ அஞ்சு நாளா எனக்கு யாரும் சொல்லலையா?"

"அது வந்து, பெரியம்மா..."

"பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போனாங்க. அம்மாவுக்கு வயித்துவலின்னாங்க. அஞ்சு நாளும் அம்மா செத்துப்போயிடுவாளோன்னு சோறு இறங்காம கிடந்தேன்டா. பாலத்துல அப்பா கையில பாப்பாவைப் பார்த்தப்புறம்தான் சாப்பிட்டேன். இவன் நடுவுல ஒருநாள் படகேறித் துணி எடுக்க வந்தான். வந்தவன் வாயைத் திறக்கல."

"அவருக்கும் பதினாலு வயசுதானே?"

"பதினாலு வயசுக்கு வாய் இருக்காதா? இன்னைக்கு மட்டும் காது வரைக்கும் இருக்கு! அவன் சொல்ற தேதியில நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்கு உங்கம்மா பொறந்தது பத்தொன்பதுதான்."

வைத்துவிட்டார். அதன்பிறகு எடுக்கவே இல்லை. மாமாவிடம் சொன்னால், "ஐம்பத்து மூணு வருஷம் கழிச்சு ஒரு கோவமா?" என்று சிரிக்கிறார். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நம்ம குழந்தை பொறந்தா அன்னைக்கே எல்லாருக்கும் சொல்லிடுங்க, உங்க குடும்பத்துக்கு நல்லது" என்கிறாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

பெரியம்மா, உங்கள் கோபம் நியாயம். எட்டு வயதுக் குழந்தையிடம் சொல்லாமல் விட்டது தப்புதான். ஆனால் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் பிறந்த நாளைத்தான் எழுத முடியும், உங்களுக்குத் தெரியவந்த நாளை எழுத இடம் இல்லை.

இதை முதலில் படிப்பவர் யாராக இருந்தாலும் சரி, மாமாவிடம் காட்டுங்கள். மாமா, சிரிக்காமல் தெருவின் அந்த முனைக்கு நடந்து போய், "சொல்லாதது தப்புதான்" என்று பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிறகு இரண்டு பேரும் பதினான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள்.