பாதிச் சுவர்

"மாத்திரைய இன்னைக்கே நிப்பாட்டச் சொல்லப் போறேன்…"

"நீ சும்மா இரு இராக்கம்மா, டாக்டருக்குத் தெரியாததா…"

"புள்ள முழிக்கவே மாட்டேங்குதுங்க! சோத்துல கைய வச்சுக்கிட்டே தூங்குது!"

"தூங்கட்டும். முழிச்சிருந்தா அவன் பேசுறான்னு கத்துதே, அது மட்டும் நல்லாருக்கா?"

பதுளையில் கிளினிக் அறைக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் இராக்கம்மாவும் அவள் புருஷன் அழகையாவும் நிறுத்தவில்லை. நடுவில் பதினொரு வயது யசோதினி, பெரியம்மா இராக்கம்மாவின் தோளில் சாய்ந்து கண் செருகிக் கிடந்தாள். தாய் குவைத்தில். தாய் இரண்டாவதாகக் கட்டியவனைத்தான் அவள் சித்தப்பா என்று கூப்பிடுவது. அவன் அடித்துக் கையை ஒடித்த பிறகு, நன்னடத்தை அதிகாரி அவளைப் பெரியம்மாவிடம் ஒப்படைத்தார். அவனைப் பிணையில் விட்ட நீதிமன்றம், பெரியம்மா இருக்கும் நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்றிருந்தது. ஆனாலும் அவன் குரல் அவளுக்குக் கேட்டது. "மேல இருந்து பேசுறாரு" என்றாள். கோவிலில் போய்ச் சொன்னார்கள், பூசாரி திருநீறு போட்டார். டாக்டர் சிவரூபியிடம் சொன்னார்கள், அவர் மாத்திரை கொடுத்தார். குரல் நிற்காததால் மாத்திரை கூடியது. இப்படியே போனால் பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோய் ஏதாவது இல்லத்தில் விட்டுவிடுவார்கள் என்று இராக்கம்மாவுக்குப் பயம்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ" என்றார் டாக்டர், தன் யாழ்ப்பாணத்துப் பேச்சில். "நித்திரை கூடிப்போச்சு, அது எனக்கும் தெரியுது. குரல் ஏன் நிக்கேல்லை எண்டதுதான் விளங்கேல்லை. யசோதினி, நீங்கள் இருக்கிற வீட்டை ஒருக்காக் கீறிக் காட்டுங்கோ."

பென்சில் இரண்டு முறை நழுவியது. தகரக் கூரை போட்டாள். அதன்கீழே தோட்டத்து வரிசை வீடான லயத்தின் இரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை; நடுவே ஒரு சுவர்.

"சுவர் பாதியிலை நிக்குதே? கூரை வரைக்கும் கீறுங்கோ."

"அம்புட்டுதான் டாக்டர் சுவரு."

"அதுக்கு மேலை?"

"மேல தொறந்து கெடக்கும். அது வழியாத்தான் பேசுறாரு."

டாக்டரின் பேனா நின்றது. அழகையா எழுந்தே விட்டார். "அடுத்த காம்பரா அவன் கூட்டாளி வீடாச்சே!"

"நீங்க வேலைக்கு மலைக்குப் போனப்புறம்தான் பேசுவாரு பெரியப்பா. பெரியம்மா சத்தம் கேட்டா நிப்பாட்டிருவாரு. நாந்தான் சொன்னேனே, மேல இருந்துன்னு."

"ஓம், நீங்கள் முதல் நாளே சொன்னனீங்கள்" என்றார் டாக்டர். "நான்தான் ஆகாயம் எண்டு நினைச்சிட்டன்."

"நான் சாமின்னு நெனச்சேன்" என்று இராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப மாத்திரையத் தூக்கி…"

"எறியப்படாது அம்மா! திடீரெண்டு நிப்பாட்டினா உடம்பு குழம்பும். நானே மெல்ல மெல்லக் குறைக்கிறன். பட்ட அடியின்ரை பயம் உள்ளுக்கை இருக்குத்தானே, அதுக்குப் பிள்ளை கிழமைக்கு ஒருக்கா வந்து என்னோடை கதைக்கோணும். இனித் தனிய விடாதேங்கோ." சொல்லிக்கொண்டே நன்னடத்தை அதிகாரிக்குப் போன் எடுத்தார்.

மறுநாள் யசோதினியைப் பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டில் விட்டுவிட்டு, இராக்கம்மா எல்லோரும் பார்க்கக் கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போனாள். காம்பராவில் அழகையாவும் இரண்டு பொலிஸ்காரர்களும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறியதும் சுவருக்கு மேலிருந்து வந்தது குரல்.

"யசோதினி… முழிச்சிருக்கியா?"

"முழிச்சுத்தான்டா இருக்கோம்" என்றார் அழகையா. "வா, வாசப்பக்கம் வந்து பேசு!"

பொலிஸ் அவனை நடத்திக் கொண்டுபோனபோது லயமே வெளியில் நின்று பார்த்தது. அவன் தலை நிமிரவில்லை. கூட்டாளியும் அந்த வாரமே தோட்டத்தை விட்டுப் போய்விட, அடுத்த காம்பரா பூட்டிக் கிடந்தது.

மாத்திரை குறையக் குறைய யசோதினி சோற்றை முழுக்கத் தின்றாள், பள்ளிக்கூடம் போனாள், பெரியப்பாவின் குறட்டையைக் கேலி செய்தாள். சில நாள் அலறி எழுந்தாள். அதையும் டாக்டரிடம் அவளே சொன்னாள்.

ஒரு சாயங்காலம் இராக்கம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, அவள் மரப்பெட்டிமேல் ஏறிச் சுவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்றாள்.

"ஏய், எறங்குடி, விழுந்துரப் போற!"

யசோதினி இறங்கவில்லை. அந்தப் பக்கத்து இருட்டைப் பார்த்து, லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"சித்தப்பா! நான் முழிச்சிருக்கேன்! இப்ப பேசுங்க பாப்போம்!"