முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து

ஹெல்மெட் வழக்கு அந்த அரசு வழக்கறிஞரின் மேசைக்கு வந்தபோது, ஏறக்குறைய முடிந்துபோன வழக்காகத்தான் வந்தது. குற்றப்பத்திரிகையில் ஒரே ஒரு ஆளைச் சேர்த்து நீதிமன்றத்துக்கு அனுப்பினால் போதும், வேலை தீர்ந்தது.

விஷயம் இதுதான். ஒரு பெரிய கம்பெனி பதினாலு மாதமாக ஒரு ஹெல்மெட்டைக்கூடச் சோதித்துப் பார்க்காமல், 'சோதிக்கப்பட்டது' என்று அட்டை கட்டி விற்றிருக்கிறது. ஒரு மழைநாளில் பார்சல் கொண்டுபோன பெண்ணின் வண்டி சறுக்கியது. லேசாகத்தான் விழுந்தாள். ஆனால் ஹெல்மெட் இரண்டாகப் பிளந்து, அவளுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. கம்பெனியில் தேடினால் வெளியே போன ஒவ்வொரு தொகுதிச் சரக்குக்கும் ஒன்றாக, சோதனைச் சான்றிதழ்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு, அச்சுப் பிசகாமல் இருந்தன. அத்தனையிலும் தரக்கட்டுப்பாட்டு மேலாளரின் கையெழுத்து.

"ஆள் கிடைச்சாச்சு, கையெழுத்தும் கிடைச்சாச்சு. இன்னும் என்னம்மா வேணும்?" என்றார் வழக்கறிஞரின் மேலதிகாரி. மூன்று மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். போகும்போது அலமாரி காலியாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"ஒரு மேலாளர் தனியா உக்காந்து ஊரையே ஏமாத்தினார்னு சொல்லப்போறோமா சார்? அதுல அவருக்கு என்ன லாபம்? சம்பளம்கூட ஏறலையே!"

அவர் பெருமூச்சு விட்டார். "ஒரு வாரம் தரேன். அதுக்கு மேல இழுக்காத."

விசாரணைக்கு முதலில் வந்தவர் கம்பெனி முதலாளி. இரண்டு பக்கமும் இரண்டு வக்கீல்கள், அவர்களுக்கு முன்னால் அவருடைய வாசனைத் திரவியம்.

"மேடம், என்கிட்ட ஆயிரத்து இருநூறு பேர் வேலை பார்க்கறாங்க. யார் எந்தத் தாள்ல கையெழுத்துப் போடறாங்கன்னு எட்டிப் பார்த்துட்டே இருக்க முடியுமா? நம்பி ஒப்படைச்சேன். நம்பினது தப்புன்னா, அந்தத் தப்பைப் பண்ணினவன் நான்தான்."

அவருக்குக் கண் கலங்கியது. கலங்குவதற்கு அரை நொடி முன்பே ஒரு வக்கீல் கைக்குட்டையை நீட்டியதை அவள் கவனித்துவிட்டாள்.

மறுநாள் விற்பனை இயக்குநர். பேச்சிலேயே மணலைக் கயிறாகத் திரித்துவிடக்கூடிய மனிதர். 'இன்றைக்கே சான்றிதழ் வேண்டும்' என்று மேலாளருக்கு அவர் அனுப்பிய நாற்பத்தோரு குறுஞ்செய்திகளை அவள் முன்னே வைத்தாள்.

"ஆமா, கேட்டேன். சான்றிதழ் கேட்டேன் மேடம். பொய்ச் சான்றிதழா கேட்டேன்?"

நல்ல பதில். அவள் மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டாள்.

மூன்றாவதாகத் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். வக்கீல் இல்லை. மதியச் சாப்பாட்டை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார், சாயங்காலம்வரை உட்காரவைப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"மெஷின் கெட்டுப்போச்சு மேடம். சரிபண்ணச் சொல்லி மேல எழுதினேன், ஒண்ணும் நடக்கல. விற்பனைப் பக்கம் இருந்து தினம் போன். மொதல் கையெழுத்துப் போடறப்ப கை நடுங்குச்சு. பத்துப் பதினஞ்சு போட்டதுக்கு அப்புறம் நடுங்கல."

"மேல எழுதினீங்களே, அதுக்கு நகல் இருக்கா?"

"என் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. என்னை நிறுத்தின அன்னிக்கே துடைச்சிட்டாங்க."

அன்று வீட்டில் அவள் கணவன் குளிர்பதனப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் கதவில் சாய்ந்தபடி மொத்தக் கதையையும் சொன்னாள். "அந்த மேலாளர் ரொம்ப நல்ல மனுஷங்க. பார்த்தாலே பாவமா இருக்கு."

"நல்லவரான்னா உன்னைக் கேட்டாங்க? தெரிஞ்சு செஞ்சாரா இல்லையான்னுதானே?"

"தெரிஞ்சுதான் செஞ்சார். மத்த ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா அதைக் காட்ட என்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்ல."

"அப்ப தேடு. இந்தா, இந்தத் தட்டைப் பிடி."

மறுநாள் தொழிற்சாலைக்கே போனாள். சோதனை மெஷின் ஒரு மூலையில் தூசி படிந்து நின்றது. யாரோ அதன்மேல் பூந்தொட்டி வைத்துத் தண்ணீரும் ஊற்றி வந்திருக்கிறார்கள். செடி செழிப்பாக இருந்தது. மெஷினின் பக்கவாட்டில் பழுதுபார்ப்பவரின் தொலைபேசி எண் ஒட்டியிருந்தது. அவள் அங்கேயே நின்று கூப்பிட்டாள்.

மெக்கானிக் மறுநாள் காலையிலேயே அலுவலகத்துக்கு வந்துவிட்டார், கிரீஸ் சட்டையோடும் கோபத்தோடும்.

"அந்தக் கம்பெனியா? மூணு தடவை போய்ப் பார்த்தேன் மேடம். என்னென்ன மாத்தணும்னு எழுதிக் குடுத்தேன். அதையும் கிறுக்கித் திருப்பி அனுப்பிட்டாங்க. மரியாதை தெரியாதவங்க! எல்லாருக்கும் காட்டறதுக்குன்னே பட்டறையில ஆணியடிச்சு மாட்டி வச்சிருந்தேன்."

மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மெக்கானிக்கின் மதிப்பீட்டுக்குக் கீழே மேலாளரின் கையெழுத்தில்: 'இது சரியாகும்வரை எந்த ஹெல்மெட்டையும் சோதிக்க முடியாது. அனுமதி வேண்டும்.' அதன் கீழே விற்பனை இயக்குநர்: 'இப்போதைக்குத் தேவையில்லை.' அதற்கும் கீழே, பச்சை மையில் முதலாளி: 'இது இல்லாமலே சரக்கு போகிறதே! பிறகு பார்க்கலாம்.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். மெக்கானிக்குக் காபி வரவழைத்தாள். குடித்து முடித்ததும் இன்னொன்று வரவழைத்தாள்.

"இது உதவுமா மேடம்?"

"ரொம்ப!"

"அப்ப என் பெட்ரோல் செலவு?"

"சாட்சிக்குப் படி உண்டு. நானே எழுதித் தரேன்."

மேலதிகாரி அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அடேயப்பா!" என்றார். "இப்ப ஒண்ணு பண்ணு. அந்த மேலாளரை அரசுத் தரப்புச் சாட்சியா மாத்திடு. அவர்மேல வழக்கு வேண்டாம். பெரிய தலைங்க ரெண்டும் தப்பவே முடியாது."

அவளும் அதைத்தான் விரும்பினாள். அதனாலேயே ஒரு நாள் தவணை கேட்டாள். மனசுக்குப் பிடித்ததை உடனே செய்வதில் அவளுக்கு எப்போதும் ஒரு பயம்.

காது போன பெண் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. கிடங்கில் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தாள். வழக்கறிஞர் அவளுடைய வலது பக்கமாகப் போய் நின்று, நடந்ததை எல்லாம் விளக்கினாள்.

"மொதலாளி யாருன்னே எனக்குத் தெரியாது மேடம்," என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. "கடையில ரெண்டு ஹெல்மெட் வச்சிருந்தாங்க. ஒண்ணுல மட்டும் சோதிச்சதுன்னு கையெழுத்துப் போட்ட அட்டை தொங்குச்சு. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த பார்சலை எடுத்துவிட்டாள்.

குற்றப்பத்திரிகையில் மூன்று பேரும் வந்தார்கள். முதலாளிமீதும் விற்பனை இயக்குநர்மீதும் தெரிந்தே செய்த கூட்டுச்சதியும் மோசடியும். மேலாளர்மீது பொய்ச் சான்றிதழ் மட்டும்; அவர் முன்கூட்டியே எச்சரித்ததையும் உண்மையைச் சொன்னதையும் கருதிக் குறைந்த தண்டனை போதும் என்ற பரிந்துரையோடு.

"ரெண்டு பக்கமும் திட்டு வாங்கப்போற," என்றார் மேலதிகாரி.

"வாங்கிக்கறேன் சார்."

வழக்கு எட்டு மாதம் நடந்தது. மேலதிகாரி நடுவிலேயே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். முதலாளியின் வக்கீல்கள் முதலில் அது அவர் கையெழுத்தே இல்லை என்றார்கள். நிபுணர் வந்து ஆமாம் அவருடையதுதான் என்றதும், 'பிறகு பார்க்கலாம்' என்றாலே சரிசெய்யும் எண்ணம் இருந்தது என்றுதானே அர்த்தம் என்று ஒன்றரை மணி நேரம் வாதாடினார்கள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "பதினாலு மாசமா பார்க்கவே இல்லையே?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

முதலாளிக்கு ஐந்து ஆண்டு. விற்பனை இயக்குநருக்கு மூன்று. மேலாளருக்கு ஆறு மாதம்; ஒரு வாரத்துக்குள் சிறையில் சரணடைய வேண்டும்.

தாழ்வாரத்தில் மேலாளர் அவளிடம் வந்தார். "என்னை விட்டுடுவீங்கன்னு நெனச்சேன் மேடம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவர் தலையாட்டினார். வருத்தப்பட்டாரா, நிம்மதியடைந்தாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் போய் நின்றார். அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"அந்தச் சோதனை எப்படி சார் செய்வாங்க?"

வேலையைப் பற்றிக் கேட்டதும் மனிதருக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. கைகளை உயர்த்திக் காட்டினார்: இந்த உயரத்தில் இருந்து ஒரு இரும்புக் குண்டை விடுவோம், ஓடு எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்போம், விரிசல் இருக்கிறதா என்று பார்ப்போம்.

"ரொம்ப நேரம் ஆகுமா?"

"எங்க! ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு அவர் கைகளைக் கீழே இறக்கினார்.