நத்தாருக்குப் பூசிய சுவர்

பெக்கோ மெஷின் தோட்டத்துக்கு வந்தது டிசம்பர் முதல் கிழமையில். பெடியன்கள் கிரிக்கெட் அடிக்கிற வெளியிலே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார்கள். மஞ்சள் உடம்பு, மடக்கி வைத்த இரும்புக் கை, கை நுனியில் பல்லு வைத்த வாளி. பின்னேரமே பெடியன்கள் மேலே ஏறி, அந்த வாளியில் கடதாசியில் செய்த ஒரு நத்தார் நட்சத்திரக் கூட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டெனிஷாவும் சிரித்தாள், போனில் படமும் எடுத்தாள்.

ஆனால் காலையில் ஒன்பது மணிக்குச் சிரிப்பு வராது. ஒரு டிரைவர் வந்து ஏறி, மெஷினை ஸ்ரார்ட் பண்ணி, கால் மணித்தியாலம் உறுமவிட்டு, நிறுத்திப்போட்டுப் போவான். பற்றரி இறங்காமல் இருக்கவாம். அந்தக் கால் மணித்தியாலமும் கொட்டாஞ்சேனைக் கிணற்றடித் தோட்டத்தின், சுவரோடு சுவர் ஒட்டிய நாற்பத்தெட்டு வீடும் நடுங்கும். டெனிஷாவின் வீட்டில் அலுமாரிக்கு மேலே கவிழ்த்து வைத்த பெருநாள் பீங்கான்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கும்.

அவர்களுடையது நாற்பத்தேழாம் வீடு. கடைசி வீடான நாற்பத்தெட்டில் இருந்தவர்கள் நவம்பரிலேயே போய்விட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

நவம்பரில் அரசாங்க ஒபீஸ்காரர் வந்து ஒவ்வொரு வாசல் பக்கத்திலும் தகர அச்சு வைத்துச் சிவப்பு மையால் நம்பர் அடித்தார்கள். வாசலைப் படமும் பிடித்தார்கள். தோட்டம் உடைபடும், நம்பர் உள்ள வீட்டுக்குத் தொடர்மாடியில் ஒரு வீடு கிடைக்கும் என்றார்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எப்போது உடைப்பார்கள், எங்கே கொடுப்பார்கள் என்று கேட்டால், "தன்வமு" என்றார்கள். அறிவிப்போம் என்று அர்த்தம்.

பள்ளிக்கூட லீவு விட்டபோது டெனிஷாவுக்கு அந்த நினைப்பெல்லாம் பெரிதாக இல்லை. பத்தாம் வகுப்புச் சோதனை முடிந்துவிட்டது. காலையில் எட்டு மணி வரைக்கும் படுக்கலாம். ஜிந்துப்பிட்டியிலிருந்து வகுப்புச் சிநேகிதி சுரேகா வருவாள். இரண்டு பேரும் கரம்போட் விளையாடுவார்கள், போனில் ஆட்டம் பார்த்து ஆடிப் பழகுவார்கள், புறக்கோட்டைக்கு நடந்துபோய் ஒன்றும் வாங்காமல் எல்லாக் கடையிலும் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்கள்.

"உங்கட பெருநாளுக்கு எனக்குத்தான் கால் நோகுது," என்பாள் சுரேகா.

"கேக் தின்ன வாறதெண்டா நோகாதே?"

"அது வேற கால்."

நத்தாருக்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ற் பூசுவது டெனிஷாவின் வேலை. மூன்று வருடமாக அவள்தான். தகப்பன் கொன்ஸ்ரன்ரைன் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். டிசம்பரில் கப்பல் வேலை கூடுதல். விடியப் போனால் பொழுதுபட்டு வருவார். வந்தால் தோளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கதிரையில் இருப்பார், பிளேன்ரீ ஆறிப்போகும். அவரிடம் போய்த் தூரிகையைக் கொடுக்க முடியுமா?

பதினெட்டாம் திகதி டெனிஷாவும் தாய் பேர்ணடெற்றும் சாமான்களை வெளியே எடுத்தார்கள். திருஇருதயப் படத்தைக் கழற்றித் துணியில் சுற்றிக் கட்டிலில் வைத்தார்கள். உள்ளே வெள்ளை, வெளியே றோஸ். வெளிச்சுவரைச் சுரண்டியபோது பழைய நீலம் செதில் செதிலாக விழுந்தது. வாசலுக்கு மேலே ஒரு நீண்ட வெடிப்பு இருந்தது, மழைக்கு ஒழுகும். அதற்கு டெனிஷா பட்டி வைத்து அடைத்து, காயவிட்டு, மட்டக்கடதாசியால் உரசினாள். விரலால் தடவினால் வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை.

நம்பருக்கு வந்தபோது கையை நிறுத்தினாள்.

"மம்மி, இத என்ன செய்ய?"

பேர்ணடெற் தள்ளி நின்று பார்த்தாள். றோஸ் சுவரில் சிவப்பாக, கன்றிப்போன புண் மாதிரி இருந்தது அது.

"இதோடயா பாலன் பிறக்கிறது? பூசிவிடு. அவங்கள்தான் படம் பிடிச்சிட்டாங்களே."

பூசினாள். ஒரு பூச்சுக்குத் தெரிந்தது. இரண்டு பூச்சுக்கு மங்கியது. மூன்றாவதில் போய்விட்டது.

மற்ற வீட்டுக்காரரும் பூசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எல்லாரும் நம்பரைச் சுற்றி ஒரு சதுரத்தைப் பூசாமல் விட்டிருந்தார்கள். புதுச் சட்டையில் பழைய துணியை ஒட்டுப்போட்ட மாதிரி. முன் வீட்டுப் பிறெடி அங்கிளின் சதுரம் கோணல்மாணலாக இருந்தது.

"என்ன அங்கிள், பெயின்ற் முடிஞ்சு போச்சா?" என்று டெனிஷா பகிடி பண்ணினாள்.

பிறெடி அவளுடைய சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்களுக்கு ஒபீஸில ஆள் இருக்குப் போல. எங்களுக்கு அப்பிடி ஒருத்தரும் இல்ல மகள்," என்றுவிட்டு உள்ளே போனார்.

அவள் சிரித்தாள். பிறகு எதற்குச் சிரித்தோம் என்று யோசித்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தாயும் மகளும் கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போனார்கள். நத்தார் கிழமையில் பாண் சுட்டு முடிந்த போறணையில் ஊர்ச் சனத்தின் கேக்கெல்லாம் வேகும். தட்டில் பெயர் எழுதிய கடதாசி ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் தட்டு மாறிப்போகும். டெனிஷா '47 கொன்ஸ்ரன்ரைன்' என்று எழுதி ஒட்டினாள். பேக்கரிக்காரன் அதைப் பார்த்து, "பேர் இல்லாத தட்டு எங்கட கணக்கில தட்டே இல்ல," என்றான். வழமையாகச் சொல்கிறதுதான்.

வீட்டுக்கு வந்து, காய்ந்த சுவரில் திருஇருதயப் படத்தை மாட்டத் தூக்கினாள். படத்தின் பின்பலகைக்குள் தகப்பன் கடதாசிகளைச் செருகி வைப்பார். தண்ணி பில், கரண்ட் பில், ஞானஸ்நானச் சான்றிதழ், எல்லாம் அங்கேதான். அதிலிருந்து நாலாக மடித்த ஒரு கடதாசி நழுவி விழுந்தது. சிங்களத்தில் அடித்திருந்தது. மேலே சிங்க முத்திரை.

டெனிஷாவுக்குச் சிங்களம் பள்ளிக்கூடத்துப் பாடம். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். கட்டிலில் இருந்து விரல் வைத்து வாசித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. சுவரில் இட்ட இலக்கத்தை அழிக்கவோ, மறைக்கவோ, மாற்றவோ கூடாது. டிசம்பர் இருபத்தேழு காலை ஒன்பது மணிக்கு மீள்பரிசோதனை. இலக்கம் காணப்படாத கட்டிடத்துக்கு மாற்று வீடு வழங்கப்படமாட்டாது.

திரும்பவும் வாசித்தாள். சொல் பிழையாக விளங்கியிருக்கலாம் என்று மூன்றாம் தரமும் வாசித்தாள். பிழை இல்லை.

பக்கத்து நாற்பத்தாறாம் வீட்டு முர்ஷித் நானா வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"நானா, இப்பிடி ஒரு கடதாசி உங்களுக்கும் வந்ததா?"

"வந்தது தானே. எல்லாருக்கும் குடுத்தாங்க. ஒங்கட வாப்பா தோட்டத்து வாசல்லயே சைன் பண்ணி எடுத்தார், நான் பக்கத்துல நின்டேன்." காற்றடிக்கிறதை நிறுத்தினார். "ஏன் புள்ள? வாசிக்கல்லயா?"

"வாசிச்சது நானா. சும்மா கேட்டன்."

அவர் றோஸ் சுவரைப் பார்த்தார். திரும்பக் குனிந்து காற்றடித்தார்.

டெனிஷாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. தகப்பன் வேலையால் வந்து படத்துக்குப் பின்னால் எதையோ செருகினார். என்னது என்று தாய் கேட்டாள். "டெங்குக் கடதாசி. தண்ணி தேங்கவிட வேணாமாம்," என்றார். மழைக்காலத்தில் டெங்குக் கடதாசி வருவதுதான். கொன்ஸ்ரன்ரைனுக்குச் சிங்களம் நல்லாகப் பேச வரும், துறைமுகத்தில் அதுதான் பேச்சு. வாசிக்க வராது. தமிழும் வராது. அவருக்கு எழுதத் தெரிந்தது தன் கையெழுத்து மட்டும். அதை அவர் அழகாகப் போடுவார். வீட்டில் இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அன்று பின்னேரம் பிளேட் எடுத்து, நம்பர் இருந்த இடத்தில் றோஸ் நிறத்தைச் சுரண்டினாள். மேல் பூச்சு மட்டும் வரும், சிவப்பு அப்படியே இருக்கும் என்று நினைத்தாள். பழைய சுண்ணாம்புச் சுவர் அது. றோஸ், சிவப்பு, நீலம், சுண்ணாம்பு எல்லாம் ஒன்றாகப் பெயர்ந்து உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று காலடியில் விழுந்தது. உள்ளே கல்லுத் தெரிந்தது.

பேர்ணடெற் சத்தம் கேட்டு வந்தாள். டெனிஷா கடதாசியை நீட்டினாள். தாய்க்கும் சிங்களம் வாசிக்க வராது. மகள் சொல்லக் கேட்டுவிட்டு வாசற்படியில் இருந்துவிட்டாள்.

"நான்தானே பூசச் சொன்னேன்," என்றாள்.

"டடிக்குச் சொல்லுவமா?"

"வேணாம் மகள். பெருநாள் முடியட்டும். அந்த மனிசன் உடைஞ்சு போயிரும்." படியிலிருந்து எழும்பினாள். "கடதாசிய இருந்த இடத்திலயே வை. உன்ர போனில வீட்டுப் படம் ஒண்டும் இல்லயா? நம்பர் தெரியிற மாதிரி?"

இருந்தது. நவம்பரில் சுரேகா எடுத்த படம். இரண்டு பேரும் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்க, பின்னால் பாதி நம்பர் தெரிந்தது. அதைப் பார்த்து, குழியை அடைத்து, பாலன் குடிலுக்கு வாங்கிய சிவப்பு மையால் 47 என்று கையால் எழுதினாள். நாலின் கால் கொஞ்சம் வளைந்துவிட்டது. மை புதிதாக மினுங்கியது. மினுக்கம் போகட்டும் என்று அதில் சாம்பல் தேய்த்தாள்.

நத்தாருக்குக் கொன்ஸ்ரன்ரைனுக்கு லீவு. பூசை முடிந்து வந்து வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்று சுவரைத் தடவிப் பார்த்தார்.

"வெடிப்பு எங்க?"

"அடைச்சிட்டன் டடி."

"பாத்தியா பேர்ணடெற், என்ர மகள் மேசன் பாஸ் வேலை செய்யிறாள்! துறைமுகத்துக்குக் கூட்டிப் போகோணும்." அவர் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். முன் வீட்டுக்குக் கேக் கொண்டுபோனார், முர்ஷித் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. சுரேகா வந்து நாலு துண்டு கேக் தின்றாள். டெனிஷா தன் துண்டையும் சுரேகாவின் பீங்கானில் வைத்தாள். கரம் ஆடும்போது மூன்று தரம் கறுப்பை விட்டுவிட்டு வெள்ளையை அடித்தாள்.

"உனக்கு என்னடி?" என்றாள் சுரேகா.

"ஒண்டுமில்ல. இண்டைக்கு எத்தினையாம் திகதி?"

"நத்தார் எத்தினையாம் திகதியெண்டு வேதக்காரி என்னட்டக் கேக்கிறாள்!"

இருபத்தேழாம் திகதி காலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் பெயர் லிஸ்ட், மற்றவர் கையில் நவம்பரில் பிடித்த படங்கள் உள்ள ராப், சிலேட்டளவு போன். கொன்ஸ்ரன்ரைனுக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் வேலை, வீட்டில் இருந்தார். ஒன்றாம் வீட்டிலிருந்து வந்தார்கள். நம்பரைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், பச்சை மையால் ஒரு சரி போட்டார்கள். பிறெடி அங்கிளின் கோணல் சதுரத்துக்கும் சரி விழுந்தது. முர்ஷித் நானாவுக்கும் விழுந்தது.

நாற்பத்தேழுக்கு முன்னால் ராப்காரர் நின்றார். படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். நம்பரில் விரல் வைத்துத் தேய்த்தார். விரலில் சாம்பல் ஒட்டியது.

"மேக்க கவுத லிவ்வே?"

இதை யார் எழுதியது. கொன்ஸ்ரன்ரைனுக்குக் கேள்வியே புரியவில்லை. "நீங்கதானே மாத்தயா எழுதினது," என்றார் சிங்களத்தில்.

ராப்காரர் ராப்பைத் திருப்பிக் காட்டினார். படத்தில் நீலச் சுவர், செதில், வாசலுக்கு மேலே நீண்ட வெடிப்பு, அச்சில் அடித்த நம்பர். நேரே றோஸ் சுவர், வெடிப்பு இல்லை, கையால் எழுதிய நம்பர். "எங்கே அந்த வெடிப்பு? போன தோட்டத்தில் பதினொரு பேர் இப்படித் தாங்களே நம்பர் எழுதிக்கொண்டு இருந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள்."

"நான் இங்கதான் பிறந்தனான் மாத்தயா," என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

"சேர், அவர் பொய் சொல்ற ஆள் இல்ல. முப்பது வருஷமா எனக்குத் தெரியும்," என்று முர்ஷித் நானா குறுக்கே வந்தார்.

"விசாரணையில் சொல்லுங்கள்." லிஸ்ட்காரர் ஒரு பக்கத்தைப் புரட்டி விரல் வைத்தார். "அறிவித்தல் கிடைத்ததா? இது உங்கள் கையெழுத்தா?"

அழகான கையெழுத்து. கொன்ஸ்ரன்ரைன் அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, திறந்த கதவுக்கூடாகத் திருஇருதயப் படத்தைப் பார்த்தார்.

"நான்தான் பூசினது," என்றாள் டெனிஷா. சிங்களம் தடுமாறியது. "கடதாசி பிறகுதான் கண்டன். டடிக்குத் தெரியாது. எழுதினதும் நான்தான்."

அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ராப்காரர் சிவப்பு மையால் அவளுடைய நாற்பத்தேழைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, நடுவால் ஒரு கோடு இழுத்தார். லிஸ்ட்காரர் ஒரு கடதாசியை நிரப்பிக் கொன்ஸ்ரன்ரைனிடம் நீட்டினார். பேனாவையும் நீட்டினார்.

எந்தக் கடதாசியிலும் உடனே கையெழுத்துப் போடுகிற மனிசன். இந்தத் தரம் பேனாவை வாங்கவில்லை. தோட்டமே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கடதாசியை மகளிடம் கொடுத்தார்.

"வாசி மகள். எனக்கு வாசிக்கத் தெரியாது."

அதை அவர் சத்தமாகவே சொன்னார். பேர்ணடெற் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

டெனிஷா விரல் வைத்து வாசித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். ஜனவரி ஒன்பதாம் திகதி விசாரணை. குடியிருப்பை நிரூபிக்கும் பத்திரங்கள் கொண்டுவர வேண்டும். அடுத்த வரியில் நின்றாள்.

"நிக்காத. உள்ளதச் சொல்லு."

"அது வரைக்கும் இந்த வீடு... உரிமை இல்லாத கட்டிடமாம் டடி. பக்கத்துக் கட்டிடங்கள் உடைக்கக்குள்ள இதுக்குச் சேதம் வந்தா அவங்க பொறுப்பில்லயாம்."

"இன்னொருக்கா வாசி."

இன்னொருக்கா வாசித்தாள். அவர் தலையாட்டினார். பேனாவை வாங்கி, சுவரில் கடதாசியை வைத்து, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். சுவர் மேட்டில் பேனா தடக்கி, கடைசி எழுத்து கீழே இழுபட்டது.

மணி பத்தரை இருக்கும். அன்றைக்கு டிரைவர் பிந்தி வந்தான். மெஷின் உறுமியது. பீங்கான்கள் கிணுகிணுத்தன. வழமைதானே என்று எல்லாரும் நின்றார்கள். கால் மணித்தியாலம் போனது. மெஷின் நிற்கவில்லை. டெனிஷா திரும்பிப் பார்த்தாள். மடக்கி வைத்திருந்த இரும்புக் கை நீண்டது. வாளியில் நட்சத்திரக் கூடு அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. மெஷின் மெல்ல அசைந்து, கிரிக்கெட் வெளியைத் தாண்டி, வெறுமையாய்க் கிடந்த நாற்பத்தெட்டாம் வீட்டுப் பக்கம் வந்தது.

கொன்ஸ்ரன்ரைன் உள்ளே போய், நாற்பத்தெட்டோடு ஒட்டிய சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, கப்பலில் சரிகிற மூட்டையைத் தாங்குகிற மாதிரி, நோகிற தோளையும் கொடுத்து நின்றார். டெனிஷாவும் போய்ப் பக்கத்தில் கையை வைத்தாள். புதுப் பெயின்ற் வாசம் இன்னும் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் முதல் ஓடு விழுந்தது.